இருக்கையிடம் சொன்ன எடை

நர்ஸ் கேட்டது சாதாரணக் கேள்விதான். "எவ்வளவு எடைக்கு வரலாம்னு நெனைக்கிறீங்க?"

பேருந்து நிறுவனத்தின் மருத்துவ அறையில் எடைக்கருவியிலிருந்து அப்போதுதான் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள் ஓட்டுநர். கருவி எண்பத்திரண்டு என்று காட்டியிருந்தது. அது வேறு யாரையோ பற்றிய செய்தி என்பதுபோல, கடையில் ஷூ அளவு சொல்லும் தொனியில், "அம்பத்தஞ்சு" என்றாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

"அவசரமில்ல. யோசிச்சிட்டு வாங்க. போய்ச் சேர முடியுற எடையா இருக்கணும், சேர்ந்த பிறகு அங்கயே இருக்கவும் முடியணும்."

"யோசிச்சுத்தான் சொல்றேன் சிஸ்டர்."

அவள் யோசிக்கவே இல்லை. அந்த எண் அவளுக்குள் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து, கேட்டதும் முந்திக்கொண்டு வாய்வழியே குதித்துவிட்டது.

பிரச்சினை என்னவோ முதுகுதான். சில மாதங்களாக இடுப்புக்கு மேலே ஒரு வலி. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல. எடையக் கொஞ்சம் குறைங்க, நடங்க. அடுத்த சோதனையில வலி கூடியிருந்தா வண்டி ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட முடியாது. டிக்கெட் கவுன்ட்டர்ல ஒரு எடம் காலியாத்தான் இருக்கு" என்றிருந்தார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். ஆனால் அவளுக்கு அது தண்டனையாகத்தான் கேட்டது. தினமும் ஊரையே முன்கண்ணாடியில் ஏந்திக்கொண்டு போகிறவளை, உள்ளங்கை அகல ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை கொடுக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் தன் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மீன் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை பணிமனையில் தன் பேருந்தில் ஏறி உட்கார்ந்தவள், ஒரு காரியம் செய்தாள்.

ஓட்டுநரின் இருக்கை காற்றின்மேல் நிற்பது. அதன் பக்கவாட்டில், கைக்கு எட்டும் இடத்தில், எண்கள் போட்ட ஒரு திருகு உண்டு. உட்காருகிறவர் தன் எடைக்கு அதைத் திருகி வைக்க வேண்டும். அந்த எடைக்குத் தேவையான காற்றை வாங்கிக்கொண்டு இருக்கை ஆளைத் தூக்கிப் பிடிக்கும். சாலையின் பள்ளத்தையும் மேட்டையும் அது தன்னோடு வைத்துக்கொள்ளும், முதுகு வரைக்கும் விடாது. அந்தப் பேருந்தை மதியத்துக்கு மேல் ஓட்டுகிறவர் 'மலை'. அவருக்கு வேறு பெயரும் இருந்தது, சம்பளச் சீட்டில் மட்டும். அவர் திருகை நூற்றிருபதில் விட்டுப் போவார். அவள் காலையில் வந்து எண்பதுக்கு இறக்குவாள். வருஷக்கணக்கில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அது.

அன்றைக்கு எண்பதில் அவள் கை நிற்கவில்லை. எழுபது, அறுபது என்று போய், ஐம்பத்தைந்தில் நின்றது. இருக்கை பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தத்தோடு கீழே இறங்கியது. சீக்கிரம் எழுந்துகொள்வதற்காகச் சிலர் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும்.

உடம்பு வரவில்லை. வலிதான் வந்தது, தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகுத்தண்டில் ஒரு இடி. ஒவ்வொரு இடிக்கும், 'பார், எவ்வளவு கனம் நீ' என்று உடம்பு தன்னைத் திட்டுவதாக அவள் எடுத்துக்கொண்டாள். வலி கூடக்கூடச் சாப்பாட்டைக் குறைத்தாள். குறைத்தும் வலி கூடியதால் இன்னும் குறைத்தாள். தப்பு தன் மேல்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், வேறெங்கும் தேட வேண்டிய வேலை மிச்சம்.

வீட்டில் கணவன் மேஜையைப் பார்த்தான். அவள் தட்டில் வெள்ளரிக்காய்த் துண்டுகள் வட்டமாக அடுக்கியிருந்தன.

"கோலம் நல்லா இருக்கு. சாப்பாடு எங்க?"

"இதுதான் சாப்பாடு."

"முயல் வளர்க்கப் போறோம்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு வேலை போயிடும்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான். "எவ்வளவு குறைக்கணுமாம்?" அவள் சொல்லவில்லை. "இப்ப எவ்வளவு இருக்க?" அதையும் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வீட்டில் சொல்லப்படாத ஒரே எண் அதுதான். சம்பளம், வயது, இரண்டு பேரின் பல் பிடுங்கிய கணக்கு, எல்லாம் பொதுச்சொத்து. எடை மட்டும் அவள் பெயரில் தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

மலை திருகைக் கவனிக்காமல் இல்லை. மதியம் வண்டி மாற்றும்போது, இருக்கையில் பாதி உட்கார்ந்தவர் தடாலென்று கீழே போய், "ஐயய்யோ" என்று கம்பியைப் பிடித்தார்.

"ஏம்மா, நம்ம வண்டிய இப்பல்லாம் ஏதோ சின்னப் பொண்ணு ஓட்டுது போலயே. யாரு அது? அறிமுகப்படுத்தி வையேன்."

"உங்க கை பட்டுத் திரும்பியிருக்கும் அண்ணே."

"என் கை பட்டா உடையும்மா, திரும்பாது."

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதன்பின் மாற்றும் நேரம் வந்தால் திருகை எண்பதுக்கு ஏற்றிவிட்டு இறங்கினாள். களவு செய்கிறவளுக்குரிய கவனம் அது. அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் காலையில் கை மறுபடியும் ஐம்பத்தைந்துக்குத்தான் போனது.

ஒருநாள் அவள் நூலகத்துக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். இறங்க வேண்டிய பயணி மணி அடித்திருந்தார், ஸ்டியரிங்குக்கு முன்னால் அதற்கான சிவப்பு விளக்கும் எரிந்தது. நிறுத்தத்தில் கை காட்டிய ஆட்களையும் பார்த்தாள். பார்த்ததற்கும் கால் பிரேக்குக்குப் போவதற்கும் நடுவில் எங்கேயோ ஒரு வெற்றிடம். "அம்மா, நிறுத்துங்கம்மா, வீடு வரைக்கும் கொண்டு போய் விடப் போறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி ஓரம் கட்டினாள். கடைசியாக என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். காலையில் ஒரு ஆப்பிள் சாப்பிட்டதாக ஞாபகம். அதுவும் பாதி. கவுன்ட்டருக்கு அனுப்ப டாக்டரே தேவையில்லை, இப்படியே போனால் தானே நடந்து போய்விடலாம் என்று தோன்றியது.

அந்த வாரத்திலேயே, மலை தன் வேலைக்கு வருவதற்காக அவளுடைய பேருந்திலேயே ஏறினார். உட்கார இடமிருந்தும் உட்காராமல், ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் வேகத்தடையில் 'டொம்' என்றது. அடுத்ததில் இன்னொரு 'டொம்'.

"என்னம்மா சத்தம் அது?"

"ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. உன் சீட்டு தரையில முட்டுது." அவர் குனிந்தார். அவர் குனிவதே ஒரு காட்சிதான், இரண்டு பயணிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். திருகைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவரின் முகத்தில் சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முனையத்தில் கடைசி ஆள் இறங்கிய பிறகு கேட்டார்.

"அந்தச் சின்னப் பொண்ணு நீதானா?"

அவள் தலையசைத்தாள்.

"எத்தன நாளா?"

"டாக்டர் எடையக் குறைக்கச் சொன்னதுல இருந்து."

"முதுகுவலி கூடிடுச்சுன்னியே, அது?"

அவள் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இரண்டும் ஒரே நாளில் தொடங்கியவை. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவளுக்கு இது தெரியவில்லை.

மலை இப்போது தாராளமாகச் சிரித்தார். அவர் வயிறு தனியாகவும் தோள் தனியாகவும் சிரிக்கும். "நானும் மத்தவங்க கேட்டா தொண்ணூத்தெட்டுன்னுதாம்மா சொல்லுவேன். என் பொண்டாட்டிகிட்ட நூத்தி அஞ்சு. ஆனா சீட்டுகிட்ட மட்டும் நூத்தி இருவதுதான். அது பாவம், நம்மளத் தூக்கணும்ல? எவ்வளவுன்னு நீ சொன்னாத்தான அது தூக்கும்?"

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவள் காலி வண்டியில் கைப்பிடிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூக்குவது. அந்தச் சொல் அவளுக்குள் எதையோ தட்டியது. சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால், அம்மா இரண்டு மகள்களையும் ஒரே மூச்சில் அறிமுகப்படுத்துவாள்: "இவ மூத்தவ, எங்க வீட்டுத் தூணு. இது சின்னது, கொடி." அரிசி மூட்டையா, கேஸ் சிலிண்டரா, கூப்பிடு தூணை. கொடி வாசலில் நின்றால், "வெயில்ல நிக்காதடி, உக்காரு." கல்லூரியில் எடை பார்த்துவிட்டு வந்து தங்கை ஐம்பத்தைந்து என்று சொன்னபோது, அம்மா நகை விலையைக் கேட்டவள்போல வியந்தாள். தூணின் எடையை யாரும் கேட்கவில்லை. தூணுக்கு எடை இருக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே? ஆக, அவள் ஆசைப்பட்டது ஐம்பத்தைந்து கிலோவுக்கு அல்ல. யாராவது தன்னைப் பார்த்து, நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு. அதைக் கிலோவில் கேட்டால் எந்த நர்ஸுக்குத்தான் புரியும்?

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் தங்கையை ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஏய், உன் எடை என்னடி இப்ப?"

"என்னக்கா, ஹலோ கூட இல்லாம? என்னைய வித்துடலாம்னு பாக்கறியா?"

"சொல்லேன்."

"எழுவது. போன மாசம். இப்ப எதுக்கு அத ஞாபகப்படுத்தற?"

"அம்பத்தஞ்சு இல்லையா?"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "அக்கா, அது எப்பவோ என்னைய விட்டுட்டு ஓடிப்போச்சு. போனதும் நல்லதுதான். கொடி கொடின்னு சொல்லி என்னைய ஒரு வேலை செய்ய விடல யாரும். உனக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் குடுத்தாங்க, மூட்டை கொண்டு வரணும்னு. நான் ஜன்னல்ல நின்னு வயிறெரிஞ்சது உனக்குத் தெரியாது."

"வயிறெரிஞ்சியா? என்னப் பாத்தா?"

"பின்ன? நீ கைய விட்டுட்டு ஓட்டுவ."

அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர் இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுப் போனார். கைகளை விட்டுவிட்டு ஓட்டியது உண்மைதான். கேரியரில் மூட்டையோடு, இறக்கத்தில், வாய் நிறையக் காற்றோடு.

அவள் திருகைத் தன் எடைக்குத் திருப்பி வைத்தாள். ஒழுங்காகச் சாப்பிட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். சோதனை நாள் வந்தபோது டாக்டர் முதுகை அங்கங்கே அழுத்திப் பார்த்து, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டார். கொஞ்சம் வலித்த இடத்தில் கொஞ்சம் என்றாள், வலிக்காத இடத்தில் இல்லை என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நர்ஸ்கிட்ட எடைய முடிவு பண்ணிட்டுப் போங்க" என்றார்.

கருவி மறுபடியும் எண்பத்திரண்டுதான் காட்டியது. "சொல்லுங்க," என்றாள் நர்ஸ், பேனாவைத் திறந்தபடி. "இன்னும் அம்பத்தஞ்சுதானா?"

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர்."

"உங்க உயரத்துக்கும் வயசுக்கும், இப்ப அஞ்சு கிலோ குறைஞ்சாலே பிரஷர் எறங்கும், முதுகும் சந்தோஷப்படும். எழுவத்தேழு."

அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. "அவ்வளவுதானா? எழுவத்தேழுக்கு யாரு என்னத் திரும்பிப் பாப்பாங்க?"

"பஸ் ஓட்டறவங்கள எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? நீங்க ரோட்டப் பாத்தாப் போதும்."

"எழுவதாவது போடுங்க."

"எழுவத்தேழு."

"எழுவத்திரெண்டு."

"இது என்ன, காய்கறிக் கடையா? அதுவும் நீங்க உங்களுக்கே நஷ்டமா பேரம் பேசறீங்க." நர்ஸ் இந்த முறை சிரித்தாள். "எழுவத்தேழுக்குப் போய் ஆறு மாசம் அங்க குடியிருந்து காட்டுங்க. அப்புறம் வேணும்னா அடுத்த வீடு பாக்கலாம். பட்டினி கெடந்தா மட்டும் நானே டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்."

"எழுவத்தாறு," என்றாள் அவள், கடைசி விலையாக.

நர்ஸ் கொஞ்சம் யோசித்து எழுதினாள். எழுபத்தாறு. பார்ப்பதற்கு அழகான எண்ணாக இல்லை. அதைச் சொல்லி யாரும் வியக்கமாட்டார்கள். ஆனால் அது அவளுடையது. தங்கையிடமிருந்து கடன் வாங்கியது இல்லை, அம்மாவுக்குக் காட்டுவதற்கும் இல்லை. அந்த எடையில் ஒரு பெண் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்திருப்பதை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. முகம் தன்னுடையதாகவே இருந்தது.

மாலையில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஓட்டலாம்."

"அப்பாடா." கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "எடை?"

"எழுவத்தாறுக்கு வரணும். மெதுவா."

"எதுல இருந்து?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எம்பத்திரெண்டு."

சொன்ன பிறகும் சமையலறை அப்படியே இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவன் கண்ணைத் துடைத்தான், வெங்காயம்தான் காரணம்.

"அவ்வளவுதானா? நான் எம்பத்தஞ்சு இருக்கும்னு நெனச்சேன்."

"எப்ப இருந்து நெனச்சீங்க?"

"போன வருஷம் நீ என் காலை மிதிச்சப்ப இருந்து."

அவள் கையில் கிடைத்த துண்டை அவன்மேல் வீசினாள். சிரித்துச் சிரித்து முதுகு வலித்தது, நல்ல வலி. "சரி, நான் சொல்லிட்டேன். இப்ப உங்க நம்பரச் சொல்லுங்க பாப்போம்."

அவன் கத்தியை எடுத்து, நறுக்கி முடித்திருந்த வெங்காயத்தை மறுபடியும் மிகுந்த அக்கறையோடு நறுக்கத் தொடங்கினான்.