கிடைக்கக் கூடாது

மாலை ஐந்து பத்து. புரூஃப் பார்ப்பவள் சிவப்புப் பேனாவை மூடிவைத்தாள்.

இருபத்தொரு வருடங்களாக இந்த அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் வாக்கியங்களைத் திருத்தியவள். நாளை மறுநாள் முதல் தானே எழுதப்போகிறாள். முப்பது நாள், ஐம்பதாயிரம் வார்த்தை, ஒரு நாவலின் முதல் வரைவு. இப்படி ஒரு போட்டி. பரிசு கிடையாது, முடித்தால் முடித்த பெருமை. அச்சகத்தில் இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், அவளும் பக்கம் அமைப்பவரும். ஒன்றாம் தேதிக்கு முன்னால் நாவலில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது விதி. குறிப்பு எடுத்துக்கொள்ளலாம்.

பக்கம் அமைப்பவர் நாற்காலியோடு உருண்டு வந்தார். தொப்பையும் இரண்டு பிள்ளைகளும் உள்ள மனிதர்.

"அக்கா, ஒரு சந்தேகம். 'செய்துகொண்டிருந்தான்'னு அடிச்சா கம்ப்யூட்டர் எத்தனை வார்த்தைன்னு எண்ணும்?"

"ஒண்ணு."

"பிரிச்சு அடிச்சா?"

"மூணு. ஆனா அது தப்பு."

"ஒரே ஒரு மாசம் தப்பு பண்ணிக்கலாமே. பாதி நாவல் இதுலயே தேறிடும். முடிச்சதும் நீங்களே உக்காந்து எல்லாத்தையும் சேத்துவெச்சிடுங்க."

"சேத்துவெச்சா திரும்ப இருபதாயிரத்துல வந்து நிக்கும்."

"அதை யாரு எண்ணப்போறா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் பையிலிருந்து அட்டைக் கட்டை எடுத்து அவரிடம் காட்டத் தோன்றியது. நாற்பத்திரண்டு அட்டைகள், ரப்பர் வளையம் போட்டவை. ஆள் யார், எப்படி நடப்பான், எந்த நாளில் என்ன நடக்கும், எல்லாம் எண் போட்டு எழுதியிருந்தாள்.

அவர் ஓர் அட்டையை உருவிப் படித்தார். அவருடைய முகத்தில் விளையாட்டு போய்விட்டது.

"வேலை போனதை வீட்ல சொல்லாம ஆஸ்பத்திரி ஹால்ல போய் உக்காந்திருக்கான். டோக்கன் வாங்குறான். நம்பர் கூப்பிட்டா எழுந்து போய், வரிசையில கடைசியா நின்னு இன்னொரு டோக்கன் வாங்குறான்." நிமிர்ந்து பார்த்தார். "ஏன் வந்தேன்னு யாரும் கேக்காத இடம். இதெல்லாம் எப்படிக்கா தோணுது உங்களுக்கு?"

"தோணிச்சு," என்றாள்.

தோன்றவில்லை. சொன்னவன் அவளுடைய தம்பி. நான்கு மாதமாகக் காலை எட்டரைக்குத் தேய்த்த சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாக வீட்டை விட்டுக் கிளம்புகிறான். வேலை போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் மூன்று மாதம் அவளும் எப்போதாவதுதான் போன் செய்தாள். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு தினமும் மதியம் செய்தாள். சாப்பிட்டியா, எங்க உக்காந்திருக்கே, பக்கத்துல யாரு, டப்பாவை எங்க கழுவுறே. அவன் ஒன்று விடாமல் சொன்னான். சாயங்காலம் மனைவியிடம் சொல்வதற்காகக் குட்டையன் என்று ஒரு சக ஊழியனை உண்டாக்கி வைத்திருப்பதையும் சொன்னான். குட்டையனின் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வாயில் வந்துவிட்டது. மூன்று நாளாக மனைவி அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். போனில் அதைக் கேட்டு இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது பதினேழாவது அட்டை.

"நீ ஒருத்திதான்க்கா இதெல்லாம் கேக்குறே," என்று ஒரு தடவை சொன்னான். அப்போதும் அவள் கையில் பேனா இருந்தது.

"இது என்னக்கா?"

பக்கம் அமைப்பவர் அட்டைகளுக்கு நடுவிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் விண்ணப்பம். பத்து நாளுக்கு முன் கொடுத்தான். அச்சகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற அலுவலகத்தில் ஓர் இடம் காலி. தப்பு பார்த்து, டைப் அடித்து, வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடச் சொன்னான். கடைசி நாள் இன்று, ஐந்து மணி.

மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். தாள் இருந்த இடத்துக்கு அடுத்த அட்டை முப்பத்தொன்று. 'இருபதாம் நாள் வரை அவனுக்கு வேலை கிடைக்கக் கூடாது.' தாளை வாங்கி வைத்த மறுநாள் எழுதியது. அதற்கு அடுத்த நாள் அதைத் திரும்பப் படித்தபோது ஏதோ உறுத்தியது அவளுக்கு நினைவிருந்தது. 'கிடைக்க கூடாது' என்று ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு 'க்' சொருகினாள். அப்புறம் உறுத்தவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்துத் தெரு வாசலில் காவலாளி மட்டும் நின்றிருந்தார்.

"பெட்டியை உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. அஞ்சு மணியோட சரி."

"இருபது நிமிஷம்தானே ஆச்சு. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

"இருபது நிமிஷமா? பத்து நாளா இதே வாசல்லதானே இருந்துச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் காது மடல் சுட்டது. இந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறாள்.

ஆஸ்பத்திரி இரண்டு நிறுத்தம் தள்ளி. நடந்தே போனாள். அந்தக் கூடத்துக்குள் அவள் வந்ததே இல்லை. நாற்காலிகள் பச்சை என்று எழுதியிருந்தாள், நீலமாக இருந்தன. நீலம், மனதுக்குள் திருத்திக்கொண்டாள். திருத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. தன் மேலேயே ஓர் அருவருப்பு வந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பி அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அக்கா! என்ன, உடம்புக்கு முடியலையா? ஏன் இப்படி வேர்த்திருக்கு? முதல்ல உக்காரு."

தன் இடத்தில் அவளை உட்கார வைத்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

"டாக்டரைப் பாக்கணும்னா சொல்லு, என்கிட்ட எண்பத்தாறு இருக்கு. சீக்கிரம் வந்துடும்." டோக்கனைக் காட்டிச் சிரித்தான். "இங்க நமக்கு எப்பவும் சிபாரிசு உண்டு."

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"லெட்டர்ல நிறைய தப்பா? உன்கிட்ட குடுக்கவே கூச்சமா இருந்துச்சு. பள்ளிக்கூடத்துலயே எனக்கு அந்த ரெண்டு 'ர'வும் வராது." பக்கத்தில் காலியான நாற்காலியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு அவகிட்ட சொல்லிடப்போறேன்க்கா. எல்லாத்தையும். வெறுங்கையோட சொல்ல முடியல, அதான் இவ்வளவு நாள். லெட்டர் போயிருக்கு, கிடைக்கும்னு நம்பிக்கை இருக்குன்னு சேத்துச் சொன்னா கொஞ்சம் தாங்குவா. காலையிலயே சொல்லிட்டு வந்தேன், சாயங்காலம் ஒரு முக்கியமான விஷயம் பேசணும்னு. பயந்துட்டா, பாவம். குட்டையனை நினைச்சாதான் கஷ்டமா இருக்கு. ரொம்ப நல்லவன்."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அந்த வாக்கியம் முழுசாக, ஒரு பிழை இல்லாமல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினாள். பையைத் திறந்து தாளை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் பிரித்தான். அவனுடைய கையெழுத்து, அவனுடைய தப்புகள். எங்கும் சிவப்பு இல்லை.

"இதுதானேக்கா நான் குடுத்தது? டைப் அடிச்சது எங்க?"

"அடிக்கல. போடவும் இல்ல." அவள் தரையைப் பார்த்தபடி அட்டைக் கட்டையும் எடுத்து வைத்தாள். "பத்து நாளா இதை எழுதிட்டு இருந்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. ரப்பர் வளையத்தைக் கழற்றி முதல் அட்டையிலிருந்து படித்தான். அவன் எதையும் வேகமாகப் படிக்கத் தெரியாதவன். ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, அடியில் வைத்தான். டோக்கன் பற்றிய அட்டையில் லேசாகப் புன்னகை வந்தது. குட்டையனில் அது போய்விட்டது. டப்பா கழுவும் குழாயில் அவன் கழுத்து சிவந்தது. அவள் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். அவனைப் பார்க்க முடியவில்லை.

முப்பத்தொன்றில் நின்றான். சிவப்பு 'க்' மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"இதைத் திருத்தியிருக்கே," என்றான்.

"தம்பி..."

"இல்ல, லெட்டர்ல ஒரு கோடுகூட இல்லையேன்னு பாத்தேன்."

எண்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எட்டி, உங்கள் நம்பர்தானே என்று அவன் தோளைத் தொட்டார். அவன் தலையாட்டி, டோக்கனை அவரிடமே கொடுத்துவிட்டான். அவர் நம்பாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அவள் போட்டியிலிருந்து விலகிவிடுவதாகச் சொன்னாள். அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். நாளைக் காலை அந்த அலுவலகத்துக்குப் போய்க் காலில் விழுந்தாவது கேட்பதாகச் சொன்னாள். ஒன்றுகூட அவள் காதுக்கே நன்றாக இல்லை. அவன் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி, ஓரம் தட்டி, வளையம் போட்டு அவளிடம் திருப்பிக் கொடுத்தான். விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவனுடைய போன் அடித்தது. மனைவி. அடித்து நிற்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறரைக்கு நான் வீட்ல இருக்கணும்," என்றான். "முக்கியமான விஷயம் என்னன்னு வாசல்லயே கேப்பா. என்ன சொல்லட்டும்க்கா?"