மிதி வாங்க ஒரு ஷூ

எங்கள் கிரேக்கத் தீவில் மாப்பிள்ளைக்கு ஷூ வாங்கித் தருவது, கோயிலில் பூமுடி மாற்றும் தோழனின் பொறுப்பு. மாப்பிள்ளை ஸ்டாமாதிஸ், பெண் மிர்சினி இருவர் தலையிலும் பூமுடியை மாற்றி வைக்கப் போகிறவன் நான். அதனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவனும் நானும் கப்பலேறி சீரோஸ் துறைமுகத்துக்கு வந்தோம்.

கெட்டித் தோல், உறுதியான முனை. இதுதான் என் மனதில் இருந்தது. பூசையில் மனைவி கணவனுக்கு அஞ்ச வேண்டும் என்ற வேத வரியை வாசகர் படிக்கும்போது, பெண் மாப்பிள்ளையின் காலை ஓங்கி மிதிப்பாள். அவன் துள்ளுவான், கோயிலே சிரிக்கும். என் கல்யாணத்தில் வாங்கிய மிதியில் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. அதெல்லாம் என் நண்பனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். ஏற்கெனவே அவன் ஒரு காலைக் கொடுத்துவிட்டவன். பளிங்குக் குவாரியில் கல் சரிந்ததிலிருந்து அவனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். கம்பில்லாமல் நடப்பான், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான்.

எவாந்தியா அம்மாவின் ஷூ கடையில் நான் எடுத்துக் கொடுத்த ஷூக்களை எல்லாம் அவன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு அந்த அம்மாவிடம், கடையிலேயே மெல்லிய தோல் எது என்று கேட்டான்.

"மெல்லிசாவா? கல்யாணத்துக்கா? பொண்ணு அவ்வளவு சாதுவா தம்பி?"

"சாதுவா இருந்தா நான் ஏம்மா கட்டிக்கிறேன்?"

அவர் சிரித்துக்கொண்டே கையுறை போன்ற ஒரு ஜோடியைக் கொண்டு வந்தார். வலது கால் வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது. இடது போகவில்லை. பொய்க்காலின் கணுக்கால் வளையாது. நான் தரையில் மண்டியிட்டுத் தள்ளிப் பார்த்தேன். குதிங்காலுக்குக் கொடுக்கும் கரண்டி உடைந்ததுதான் மிச்சம். கெட்டித் தோலில் வாய் அகலமாக ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொள் என்றேன். அவன் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"மிர்சினி எனக்கு இடது பக்கம் நிப்பா. அவளுக்கு எட்டுறது இந்தக் கட்டைதான். அவ மிதிப்பா, எல்லாரும் சிரிப்பாங்க. நான் அவங்க மூஞ்சியப் பாத்து, ஓ மிதிச்சுட்டா போலன்னு தெரிஞ்சுகிட்டுத் துள்ளணும். என் கல்யாணத்துல நானே நடிக்கணும்டா."

"அப்போ மெல்லிசா எதுக்குடா?"

"தப்பித் தவறி வலது கால்ல விழுந்துட்டா? முழுசா தெரியட்டுமே."

நான் மிர்சினியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"சொல்லக் கூடாது. சொல்லி வாங்கினா அது மிதி இல்ல, தர்மம்."

தேவமாதாவின் பெயரால் என்னிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் கையை விட்டான்.

எவாந்தியா அம்மா காதில் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். உள்ளே போய், அதே ஷூவில் பெரிய அளவு ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் இடது ஷூ பொய்க்காலில் சரியாக ஏறியது. சின்ன ஜோடியின் வலதையும் பெரிய ஜோடியின் இடதையும் ஒரே பெட்டியில் வைத்துக் கட்டினார். நான் இரண்டு ஜோடிக்கும் பணம் நீட்டினேன். ஒன்றுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"மீதி ரெண்டும் கெடக்கட்டும். இதுக்கு நேர்மாறா ஒருத்தனக் கடவுள் அனுப்பாமலா போயிடுவாரு?"

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அந்த ஒவ்வாத இரண்டையும் ஜோடியாக அலமாரியில் வைத்தார்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். கல்யாணத்தன்று நண்பர்கள் அவனுக்குச் சவரம் செய்ய, நான் ஷூவின் கயிற்றைக் கட்டினேன். கோயிலில் இருவர் தலையிலும் முடி ஏறியது. இரண்டு முடிகளையும் ஒரே வெள்ளை நாடா இணைத்திருந்தது. நான் பின்னால் நின்றேன்.

வாசகர் அந்த வரிக்கு வந்தார். எப்போதும் போலக் குரலை நீட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் ஸ்டாமாதிஸின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். அவன் எதிரே நிற்பவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது துள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ள. ஆண்டவரே, இவனை இப்படி நிற்க விடாதீர் என்று வேண்டினேன்.

நாடா விறைத்தது. மிர்சினி பாவாடையைச் சுருட்டிப் பிடித்தாள். பக்கத்தில் இருந்த காலை அவள் தொடவில்லை. உடலைச் சாய்த்து, இடது ஷூவைத் தாண்டிக் காலை நீட்டினாள். இருவர் முடிகளும் சரிந்தன. நான் பாய்ந்து ஆளுக்கொரு கையாகப் பிடித்தேன். அவள் குதிகால் வலது ஷூவின் நுனியில் முழுப் பாரத்தோடு இறங்கியது.

அவன் உண்மையாகவே அலறினான். அதன் பிறகுதான் கோயில் சிரித்தது. அவன் யாரையும் பார்க்காமல், கண்ணில் நீரோடு அவளை மட்டும் பார்த்துச் சிரித்தான். சிலுவைக் குறி போட நினைத்தேன், இரண்டு கையிலும் முடி இருந்தது.

பாதிரியார் இருவரையும் கைபிடித்து மேசையைச் சுற்றி மூன்று முறை நடத்த வேண்டிய நேரம் வந்தது. ஒரு கால் பொய், இன்னொன்று இப்போது நசுங்கியது, எப்படி நடப்பான் என்று பயந்தேன். ஆனால் இடது பக்கம் நொண்டிய அளவுக்கே வலது பக்கமும் நொண்டியது. விபத்துக்குப் பிறகு முதன்முறையாக அவன் நடை நேராக இருந்தது. மேலே அரிசி பொழிந்தது. பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், இவனுக்கு எந்தக் கால் இல்லை என்று கேட்டது என் காதில் விழுந்தது.

விருந்தில் மிர்சினியைத் தனியாகப் பிடித்து, யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"இதுல யாரு சொல்லணும்? கட்டைய மிதிச்சா, நான் வந்துட்டேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு, மது வாளியிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் சுற்றிக்கொண்டு அவனிடம் போனாள். ஸ்டாமாதிஸ் வலது ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். வீங்கிய பெருவிரலை நாற்காலியில் தூக்கி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.