காசியானோ பின்னால் வந்த கொசுறு

கல்லறைத் திருநாள் முடிந்த மறு வாரம், எங்கள் புனாத்தா ஊர்ச் செவ்வாய்ச் சந்தையில் கொசுறாகக் கொடுத்த ஒரு பரங்கிக்காய், மினிபஸ் டிரைவர் காசியானோவின் பின்னாலேயே உருண்டு போக ஆரம்பித்தது. அவர் எங்கே போனாலும் போனது. அந்த வாரம் வெங்காயம் கொஞ்சம் ஏறியிருந்தது, உருளைக்கிழங்கு இறங்கியிருந்தது, இந்தப் பரங்கிக்காய்க்கு மட்டும் விலையே கிடையாது, கொசுறுக்கு ஏது விலை. ஆறேழு கிலோ இருக்கும். சாம்பல் பூத்த பச்சைத் தோல், ஒரு பக்கம் மரு மாதிரி முடிச்சு முடிச்சாக, மேலே வளைந்த காம்பு. சந்தைக்கு வந்த யாரும் இதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. ஒரு பரங்கிக்காய் ஒருத்தர் பின்னால் போகிறதென்றால் அவர் வீட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டோம்.

நிஜமாகவே சரியில்லை. காசியானோவுக்குச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் புது ஷூ கடித்து ஒரு புண், மழைக்காலம் தொடங்கியும் ஆறவில்லை. சுகாதார நிலையத்து டாக்டரம்மா நல்ல பெண், மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்: மாத்திரை பாதிதான் குணமாக்கும், மீதிப் பாதி சாப்பாடு, மூணு மாதத்தில் வரும் கார்னிவல் திருவிழாவுக்குள் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது. இடது கால் என்றால் க்ளட்ச் மிதிக்கிற கால். புனாத்தாவுக்கும் கொச்சபம்பா நகரத்துக்கும் தினம் வண்டி ஓட்டித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அது போனால் என்ன ஆகும் என்பது அவர் மனைவி எவாரிஸ்தாவுக்கும், பள்ளியில் படிக்கிற மகள் லிஸ்பெத்துக்கும் நன்றாகத் தெரியும். காசியானோவுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு பக்கம் பயம் இருந்தால் இன்னொரு பக்கம் பசி இருந்தது, பசிதான் முதலில் எழுந்துகொள்ளும்.

எவாரிஸ்தா சமையலை அடியோடு மாற்றினார். வெள்ளைச் சோறு, பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் பொரித்த முட்டை எல்லாம் போயிற்று. கினோவா சூப், அதில் கீரை, பச்சை மொச்சை, கேரட், ஒரு துண்டு கோழி. தொட்டுக்கொள்ள அம்மியில் அரைத்த தக்காளி மிளகாய்ச் சட்னி. எண்ணெயை ஸ்பூனால் ஊற்றினார், பாட்டிலால் ஊற்றவில்லை. லிஸ்பெத் ரெண்டு கிண்ணம் குடித்தாள். காசியானோ கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, ஒரே இலையா மெதக்குது? நான் என்ன கூண்டுல கெடக்குற கினிப்பன்னியா?"

"கினிப்பன்னிக்குச் சர்க்கரை வந்து கேள்விப்பட்டிருக்கியாய்யா? பேசாம குடி."

ரெண்டு வாய் குடித்துவிட்டு வயிறு சரியில்லை என்று எழுந்து போவார். வயிறு நேராக பஸ் நிலையத்துக்குப் போகும். அங்கே வால்த்தர் என்பவர் பன்றி வறுவல் கடை வைத்திருந்தார், லிஸ்பெத்தின் ஞானத் தகப்பன். அந்த உறவில் காசியானோவும் அவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். செம்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பு காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருக்கும். கொம்பாத்ரேயின் தட்டில் எப்போதும் ஒரு துண்டு கூட விழும்.

எவாரிஸ்தாவுக்கு இது தெரியாமல் இல்லை. சட்டையை மோந்து பார்த்தாலே தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை தன்னுடைய காசேராவிடம் போய் நின்றார். எங்கள் சந்தையில் காய் விற்கிறவளும் வாங்குகிறவளும் ஒருத்தியை ஒருத்தி காசேரா என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை ஒருத்தியைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் வேறு கடையில் கீரை வாங்குவதும் வேறு வீட்டில் படுத்து எழுந்து வருவதும் ஒன்றுதான். எவாரிஸ்தாவின் காசேரா தோன்யா பெர்பெத்துவா; பெண்ணுக்குத் தோன்யா, ஆணுக்குத் தோன் என்பது எங்கள் ஊர் மரியாதை. மூட்டைகளுக்கு நடுவில், முதுகுக்கு ஒரு பரங்கிக்காயைச் சாய்மானமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதையும் தராசில் நிறுத்துவிட்டு, மேலே ஒரு கைப்பிடி மொச்சையோ கொத்தமல்லியோ கொசுறாகப் போடுவார். அன்றைக்கும் போடக் கையை நீட்டினார்.

"வேணாம் காசேரா, இன்னிக்கி மொச்சை வேணாம்" என்றார் எவாரிஸ்தா. "நீ விக்குற, நான் ஆக்குறேன், அந்த மனுசன் திங்க மாட்டேங்குறான். அவனைத் திங்க வைக்க ஏதாச்சும் இருந்தா, அதைக் கொசுறாப் போடு."

தோன்யா பெர்பெத்துவா சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு, சாய்ந்திருந்த பரங்கிக்காயையே உருட்டிவிட்டார்.

"இந்தா, கூட்டிட்டுப் போ. எனக்கு முதுகு வலிச்சாலும் பரவால்ல."

வீடு வரைக்கும் அது எவாரிஸ்தாவின் பாவாடைக்குப் பின்னால் வந்தது. வாசலில் காசியானோவைப் பார்த்ததும் ஆளை மாற்றிக்கொண்டது.

மறுநாள் காலை வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. படியில் எப்படி ஏறியது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. பயணிகள் ஆச்சரியப்படவில்லை, டிக்கெட் எடுக்காமல் நல்ல சீட்டைப் பிடித்துக்கொண்டதே என்றுதான் முணுமுணுத்தார்கள். விஷயம் டிரைவர்கள் சங்கத்துக்குப் போயிற்று. சங்கம் கூடி ஒரு மதியம் முழுக்கப் பேசி, கொசுறுக்கு விலை கிடையாது, விலை இல்லாததற்குக் கட்டணமும் கிடையாது என்று தீர்மானம் போட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பன்றி வறுவல் கடையில் அப்படி முடியவில்லை. பரங்கிக்காய் உள்ளே நுழைந்து காசியானோவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றதும், கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்த கொழுப்பு அப்படியே அடங்கி, வெள்ளையாக உறைந்துவிட்டது. அடியில் விறகு நன்றாகத்தான் எரிந்தது. வால்த்தர் இன்னும் விறகு வைத்தார். கொழுப்பு மெழுகு மாதிரி கிடந்தது, கறித்துண்டுகள் அதில் சிக்கிக்கொண்டு கிடந்தன. காசியானோ வெளியே போனதும் திரும்பக் கொதித்தது. மறுபடி வந்தார், மறுபடி உறைந்தது. தட்டோடு காத்திருந்த மற்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

"கொம்பாத்ரே, தனியா வாங்க, தங்கத்தட்டுல வெச்சுப் போடுறேன்" என்றார் வால்த்தர். "அதைக் கூட்டிட்டு வராதீங்க. உங்களுக்குக் கும்பிடு."

"நான் எங்க கொம்பாத்ரே கூட்டிட்டு வர்றேன்? அதுவா வருது."

"எங்க வீட்டுக்காரியும் இதையேதான் அவங்க அம்மாவைப் பத்திச் சொல்லுவா."

காசியானோ அதைக் கழற்றிவிடப் பார்த்தார். கொச்சபம்பாவில் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து, "அண்ணே, உங்க ஆளை மறந்துட்டு வந்துட்டீங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். வெட்டிச் சூப்பில் போடச் சொல்லி எவாரிஸ்தாவிடம் கத்தியைக் கொடுத்தார். "உனக்காக வந்தது, நான் ஏன் வெட்டணும்? நீ வெட்டு, நீயே முழுசையும் தின்னு" என்று எவாரிஸ்தா கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காசியானோ கத்தியோடு அதன் எதிரில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தினம் பக்கத்து சீட்டில் வருகிற ஒன்றை வெட்டுவது லேசில்லை.

அப்புறம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். எங்கள் ஊரில் குடித்துவிட்டுச் சாமி சிலையைத் திட்டியவர்கள் உண்டு, கல்யாணத்தன்று மாப்பிள்ளை மாறியதும் உண்டு, ஆனால் கொசுறைத் திருப்பிக் கொடுத்தவர் யாரும் கிடையாது. காசியானோ அடுத்த செவ்வாய்க்கிழமை பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு போய் தோன்யா பெர்பெத்துவாவின் மூட்டைமேல் வைத்தார்.

"இந்தாங்கம்மா உங்க சாமான். எங்க வீட்டுக்கு வேணாம்."

தோன்யா பெர்பெத்துவா ஒரு துணியை எடுத்துத் தன் காய்கறி எல்லாவற்றையும் மூடினார். பக்கத்துக் கடைக்காரி மூடினாள். அதற்குப் பக்கத்துக்காரி மூடினாள். வரிசைக் கடைசியில் தக்காளி விற்கிற காது கேட்காத கிழவி வரைக்கும் மூடினாள். அன்றிலிருந்து எவாரிஸ்தா பையோடு போய் நின்றால், எந்தக் கடையிலும் காய் கண்ணுக்குத் தெரியாது. துணிதான் தெரியும். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அதே கடையில் கேரட் தெரியும், முட்டைக்கோஸ் தெரியும், அவர்கள் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போவார்கள். அக்கம்பக்கத்தார் வாங்கித் தரலாமென்று பார்த்தார்கள். அவர்கள் பையில் இருந்த கீரை, எவாரிஸ்தா வீட்டு வாசல்படியில் துணியாகிவிடும். ஒரு அலமாரி நிறைய துணி சேர்ந்தது. நல்ல நெசவுதான், ஆனால் துணியில் சூப் வைக்க முடியாது.

முதல் ரெண்டு வாரம் காசியானோவுக்குத் திருவிழா. பரங்கிக்காய் பின்னால் வரவில்லை. வீட்டில் மூலைக்கடை நூடுல்ஸ், ரொட்டி, கலர் சோடா. வால்த்தர் கடையில் கொப்பரை கொதித்தது, தட்டில் ஒரு துண்டு கூட விழுந்தது. எவாரிஸ்தா சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. லிஸ்பெத் ஒருநாள் நூடுல்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, கால் எடுத்தப்புறம் வண்டியை விப்பியா, இல்ல வாடகைக்கு விடுவியா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அந்த வாரமே, ஊருக்கு வெளியே மேட்டில், சிக்னல் இல்லாத இடத்தில், ஆடு கடக்கிறதென்று காசியானோ வண்டியை நிறுத்தினார். கிளப்பும்போது இடது கால் க்ளட்சில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தார், இருந்தது. ஆனால் காலுக்கு அது தெரியவில்லை. வண்டி நிறைய ஆட்களோடு பின்னால் நகர்ந்தது, பின்னால் முட்டை ஏற்றிய லாரி. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு அம்மா மட்டும், "தூங்கிட்டீங்களா டிரைவர்?" என்று கேட்டார். காசியானோ காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்தார். ஷூவைக் கழற்றியபோது விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டியை எடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே சந்தைக்குப் போனார். வீட்டுக்குக் காய் வாங்க அவர் போனதே இல்லை, பையைக்கூடத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பரங்கிக்காய் தோன்யா பெர்பெத்துவாவின் முதுகுக்குப் பின்னால் பழைய இடத்தில் இருந்தது, காம்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. காசியானோவுக்கு முன்னால் துணி, எல்லாம் துணி. அவர் நின்றார். தோன்யா பெர்பெத்துவா அவரைத் தாண்டித் தாண்டி மற்றவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தார். வெயில் ஏறியது. வரிசையில் இருந்த பெண்கள் விடுவார்களா?

"என்ன தோன் காசியானோ, துணி எடுக்க வந்தீங்களா? மீட்டர் என்ன வெலை?"

"வறுவல் கடை அந்தப் பக்கம்ணே. வழி தவறிட்டீங்க."

கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றினார். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத ஆள்.

"அம்மா, எனக்கு எதையும் விக்க வேணாம். கொசுறு மட்டும் குடுங்க."

தோன்யா பெர்பெத்துவாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்கு நேரம் பிடித்தது, ஏனென்றால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இத்தனை வருசமா கடை போடுறேன். ஒண்ணுமே வாங்காம கொசுறு கேக்குற மொத ஆளு நீதான்யா" என்றார். "வாங்காதவனுக்கு எப்படிக் கொசுறு போடுறது? சொல்லு. ஏதாச்சும் வாங்குனாத்தானே?" அப்படிச் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, துணியின் ஒரு முனையைத் தூக்கினார். "என்ன வேணும் காசேரோ?"

காசேரோ என்றார், காசேராவுக்கு ஆண்பால். வரிசை முழுக்கத் துணிகள் விலகின. காசியானோவுக்கு என்ன வேண்டுமென்று தெரியவில்லை. கிண்ணத்தில் மிதந்ததை எல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: இலை, அந்தப் பச்சைக் கொட்டை, ஆரஞ்சாக இருக்குமே அது. தோன்யா பெர்பெத்துவா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, எது பிஞ்சு எது முற்றல் என்று நகத்தால் கீறிக் காட்டி, பையை நிமிர்த்திப் பிடிக்கவைத்துப் போட்டார். பேரம் பேச மறந்துவிட்டார் என்று திட்டி, அவரைப் பேரம் பேசவும் வைத்தார். கடைசியில் பின்னால் கைவிட்டார். பரங்கிக்காய் இந்த முறை காசியானோவுக்கு முன்னால் உருண்டு போனது, நொண்டிக் காலுக்கு ஏற்ற வேகத்தில்.

அன்றைக்கு அவர் ரெண்டு கிண்ணம் குடித்தார். நன்றாயிருக்கிறதென்று சொல்லவில்லை, சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார். எவாரிஸ்தாவுக்கு அது போதுமாயிருந்தது. அப்புறம் எல்லா செவ்வாய்க்கிழமையும் அவரே பையோடு போனார். மொச்சை முற்றலாக இருந்தால் வீட்டில் வந்து எவாரிஸ்தாவிடம் சொல்லிக் குறைபட்டுக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டார். மாத்திரையும் சூப்புமாகக் காலம் போனது. கார்னிவலுக்கு முந்தின வாரம் டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகம் போகும், விரல் இருக்கும் என்றார். திரும்பி வரும்போது அந்த மேட்டில், தேவையே இல்லாமல் வண்டியை நிறுத்தி, க்ளட்சை மிதித்து மிதித்துப் பார்த்தார். பயணிகள் பொறுத்துக்கொண்டார்கள்.

கார்னிவல் தண்ணீர் விளையாட்டு எல்லாம் ஓய்ந்த ஒரு புதன்கிழமை, காலையில் பரங்கிக்காய் வீட்டில் இல்லை. காசியானோ கொல்லையில் தேடினார், தெருவில் தேடினார், முன் சீட்டைக் காலியாக விட்டே பஸ் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தது. வால்த்தரின் காலடியில் நின்றுகொண்டிருந்தது. கொப்பரை முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது.

"கொம்பாத்ரே, உங்க காயைக் கூட்டிட்டுப் போங்க. காலையிலேர்ந்து கடையே ஓடல."

காசியானோ அதையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "என் காய் இல்ல கொம்பாத்ரே. நேத்து உங்க வீட்டம்மா சந்தைக்குப் போனாங்களா?"

வால்த்தர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் சர்க்கரை பாத்தாங்க, இருக்கு. போன வாரம். யார்கிட்டயும் சொல்லல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "திருப்பிக் குடுத்துட்டா என்ன?" என்றார்.

"ஐயோ, அதை மட்டும் செஞ்சிராதீங்க. ஒரு அலமாரி துணி இருக்கு எங்க வீட்ல, வேணும்னா காட்டுறேன்."

வால்த்தர் கொஞ்ச நாள் விறகோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்தார். இப்போது அந்தக் கடையில் வேர்க்கடலை சூப்பும் கினோவா சூப்பும் கிடைக்கிறது, எவாரிஸ்தா சொல்லிக் கொடுத்த பக்குவம், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். பெஞ்சில் ஒரு ஆள் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் நெருக்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது.