பாதியாய்த் திரும்பிய கேரியர்

சிவப்பு நூல் கட்டிய கேரியரைத் திறந்ததும் கரண்டியக்காவுக்கு முகம் சுண்டிப்போனது.

"இன்னைக்கும் பாதிதான் போயிருக்கு. பாரு, கோடு கிழிச்ச மாதிரி பாதி!"

"பசி இல்லையோ என்னவோ" என்றாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள்.

"பசி இல்லாத வீட்டுக்கு நாம எதுக்குடி சோறு அனுப்புறோம்?"

அந்த வட்டார உதவிச் சங்கத்தின் வேலையே அதுதான். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீடுகளுக்கு, அவர் எழுந்து நடமாடும்வரை மதியச் சாப்பாடு. வீடு நாற்பது, கேரியர் இருபது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வேன் வாசலில் நிற்கும். வீட்டார் சாப்பாட்டைத் தங்கள் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு கேரியரைக் கையோடு திருப்பித் தந்துவிட வேண்டும். இருபதும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த நடைக்குச் சோறு போட முடியும். ஒரு நடையில் எது எந்த வீட்டுக்கு என்று தெரிய, ஒவ்வொரு கேரியரின் பிடியிலும் ஒரு நிற நூல்.

முதல் நடையில் சிவப்பு நூல் ஒரு பெயிண்டர் வீட்டுக்கு. மனிதர் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு காலிலும் மாவுக்கட்டு. மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். மூன்று வாரமாகச் சாப்பாடு போகிறது, மூன்று வாரமாகப் பாதி திரும்புகிறது.

கரண்டியக்காவுக்குப் பதினாறு வருடமாக அந்தச் சமையற்கட்டுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்து கரண்டியே பெயராகிவிட்டது. அவள் சமையலைக் குறை சொல்லும் துணிச்சல் உலகத்தில் அவள் கணவருக்கு மட்டும்தான் உண்டு. அவரும் சத்தமாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் சிவப்பு நூலுக்காக உப்பைக் குறைத்துப் பார்த்தாள். பாதி திரும்பியது. காரத்தைக் குறைத்தாள். பாதி. ஒருவேளை அதிகமாக அனுப்புகிறோமோ என்று சோற்றையே குறைத்தாள். குறைத்ததிலும் பாதி திரும்பியது! வந்ததைக் கொட்ட மனம் வராமல், குறை எங்கே என்று கண்டுபிடிக்க நின்றபடியே தானே சாப்பிட்டாள். குறை அகப்படவில்லை. ரவிக்கைதான் இறுகிப்போனது.

சங்கத்துச் செயலாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம்னு சொல்லக் கூச்சப்படுறாங்க போலிருக்கும்மா. வெள்ளிக்கிழமையோட நிறுத்திடலாம். பதினோரு வீடு காத்துக்கிட்டிருக்கு."

"நிறுத்துங்க. எனக்கென்ன வந்துச்சு?" என்றாள். "ஆனா வெள்ளிக்கிழமை வேன்ல நானும் போவேன். என் சமையல்ல என்ன குறைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அப்புறம் நிறுத்துங்க."

வேன் ஓட்டுகிறவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் அவசரம்.

"ஏறுங்கக்கா, ஏறுங்க, ஏறுங்க. கதவை அப்புறம் சாத்திக்கலாம்."

"நான் முழுசா உள்ள வந்த பிறகு வண்டியை எடுடா, புண்ணியவானே!"

பெயிண்டர் வீட்டு வாசலில் வேன் முக்கி நின்றது. பெயிண்டரின் மனைவி ஓடிவந்து கேரியரை வாங்கினாள். அவசரம் ஜன்னல் வழியாகவே கத்தினான்: "சீக்கிரம்மா, சீக்கிரம். இன்னும் ஏழு வீடு இருக்கு, பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க!"

கரண்டியக்கா இறங்கி அவள் பின்னாலேயே போனாள். ஒற்றை அறை. கட்டிலில் பெயிண்டர், இரண்டு காலும் தலையணைமேல். மாவுக்கட்டு முழுக்கப் பிள்ளைகள் மீனும் பூவுமாக வரைந்து வைத்திருந்தார்கள். கீழே கேரியரைச் சுற்றி மூன்று பெண்கள். மூத்தவள் கரண்டிக் காம்பால் சோற்றின் நடுவே நேராக ஒரு கோடு கிழித்தாள்.

"இன்னைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம்கா" என்றாள் சின்னவள்.

"கோட்டைத் தாண்டக் கூடாது. அவங்களுக்கும் பசிக்குமில்ல?"

"எவங்களுக்கு?" என்றாள் வாசலில் நின்ற கரண்டியக்கா.

பெயிண்டரின் மனைவி பதறித் திரும்பினாள். "அடுத்த வீட்டுக்காரங்களுக்குத்தாங்க. ஏழு வீடு காத்துக்கிட்டிருக்குன்னு அண்ணன் தினமும் சொல்றாரே. இந்தச் சோறுதானே அங்கேயும் போகணும்? நாங்க பாதி எடுக்கறதே அதிகம்னு இவரு திட்றாரு."

"எட்டுல ஒரு பங்குதாங்க நியாயம்" என்றார் கட்டிலில் இருந்தவர். "பிள்ளைங்க முகத்தைப் பார்த்துட்டு, சரி பாதின்னு விட்டேன்."

கரண்டியக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "அவசரம்! இங்க வா!"

அவன் வந்தான். கேட்டான். வாயைப் பிளந்தான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கேரியர். இது யாருக்குக்கா தெரியாது?"

"இவங்களுக்குத் தெரியாது. சொல்றதுக்கு நீ எந்த நாள்டா நின்ன?"

அவசரம் முதல் தடவையாக நின்ற இடத்திலேயே நின்றான்.

கரண்டியக்காவின் கண் சின்னவளின் தோள்பட்டையில் போய் விழுந்தது. சட்டைக்கு மேலேயே எலும்பு தெரிந்தது. சோற்றைக் குறைத்தது எந்தக் கை? அவள் தன் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இது மொத்தமும் உங்களுக்குத்தான். அடிவரைக்கும் வழிச்சு எடுங்க" என்றாள்.

யாரும் கேரியரைத் தொடவில்லை. சின்னவள் மட்டும் யோசித்தாள்.

"அப்போ இத்தனை நாள் நாங்க வெச்ச பாதியை யாரு சாப்பிட்டா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வரவில்லை.

"நான்தான் கண்ணு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சின்னவள் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "அதான்" என்றாள்.

"ஏய், வாயை மூடு!" என்று தாய் அதட்டினாள். பெயிண்டர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "ஐயோ, காலு, காலு" என்று பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"நல்லா இருந்துச்சா அத்தை?" என்றாள் சின்னவள் விடாமல்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி. நாளைக்குச் சரி பண்ணிடுறேன்."

மறுநாள் சிவப்பு நூல் கேரியரின் மூடி மூடவில்லை. கரண்டியக்கா முழங்கையால் அமுக்கி மூடினாள். செயலாளரிடம், "அந்தப் பதினோரு வீட்டுக்கும் அரிசிக்கு வழி பாருங்க, உலையை நான் பெருசாக்கிக்கிறேன்" என்று வேறு சொல்லிவிட்டாள்.

வேன் வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பியது. அவசரம் எல்லா வீட்டிலும் நின்று விளக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தான். இரண்டு வீட்டில் போதும் போதும் என்று துரத்தினார்களாம்.

கேரியரைத் திறந்தாள். அடித்தட்டு சுத்தம். நடுத்தட்டு சுத்தம். மேல்தட்டில் மட்டும் பருப்புப் போட்டுப் பிசைந்த சோறு, சின்னக் கை பிடித்த அளவில் ஒரே ஒரு உருண்டை.

"கடைக்குட்டி குடுத்துச்சுக்கா" என்றான் அவசரம். "அந்த அத்தை சாப்பிட்டுப் பழகிட்டாங்க, திடீர்னு நிறுத்தினா பாவம்னு சொல்லச் சொல்லுச்சு."

செயலாளர் எட்டிப் பார்த்தார். "மறுபடியும் மிச்சமா? அளவைக் குறைச்சிடலாமாம்மா?"

"கூட்டணும்" என்றாள் கரண்டியக்கா, வாய் நிறையச் சோற்றோடு.