அறுபது நாற்காலியும் நிறைந்த அன்று

நாடகக் குழு நடத்துகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் அக்காவின் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. குழுவில் எல்லோருக்கும் அவள் அக்கா. பத்து வயது மூத்த மீசைக்காரருக்கு மட்டும் 'ம்மா'. பழைய அச்சுக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அறுபது நாற்காலி போட்டு, பன்னிரண்டு வருஷமாகக் கையிலிருந்ததை எல்லாம் கரைத்தாயிற்று. இப்போது கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாசக் கடைசிக்குள் வாடகை பாக்கி வராவிட்டால், இடத்தை டயர் குடோனுக்கு விட்டுவிடுவாராம்.

மிச்சமிருந்த ஒரே வழி அரசாங்க உதவித்தொகை. விண்ணப்பம் போட்டாள், சனிக்கிழமை மாலை அதிகாரி நாடகம் பார்க்க வருவதாகக் கடிதமும் வந்தது. போன வாரம் வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். காலி நாற்காலிக்கு எந்த மடையன் பணம் கொடுப்பான்?

யோசனை சொன்னது, லைட் போடுகிற அவள் தம்பி. வேஷம் கிடைக்காமல் சும்மா கிடக்கிற நடிகர்கள் ஊரில் கொஞ்சமா? கூப்பிட்டு உட்காரவைத்தால் தீர்ந்தது என்றான். இவளும் மண்டையை ஆட்டித் தொலைத்தாள். கூப்பிட்ட அத்தனை பேரும் வந்தார்கள், பவுடர் போட்டுக்கொண்டு. சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்.

நடிகனைப் போய்ச் சும்மா இரு என்றால் இருப்பானா? முதல் வசனம் முடிவதற்குள் பின்வரிசையில் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லை. அவளுக்குச் சளைத்தவர்களா என்று முன்வரிசை அதைவிடச் சத்தமாகச் சிரித்தது. இன்னொருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டான். மீசைக்காரர் அதிகாரிக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். மூன்று வருஷமாக அவருக்கு ஒரு வேஷமும் அமையவில்லை. மேடையில் தாயாக நடித்தவள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது அவர் தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். திரும்பப் போட முடியாமல் கையிலேயே வைத்திருந்தார். அதிகாரி மேடையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்ததும் அதிகாரி அவளைத் தேடி வந்தார். இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பியது. அவரோ ஃபைலை மூடினார்.

"இந்தப் பணம் ஆளே வராம திண்டாடுற குழுக்களுக்குத்தாம்மா. விண்ணப்பத்தோட கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே. உங்களுக்குத்தான் இடமே கொள்ளாம கூட்டம் வருதே, அப்புறம் எதுக்கு?"

கடைசிப் பக்கமாம்! வசனத்தைப் பத்துத் தடவை படி என்று ஊரையே விரட்டுகிறவள், அந்த ஒரு பக்கத்தைப் புரட்டவில்லை. மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"சார், உள்ள இருந்தவங்க முக்கால்வாசிப் பேர் நடிகருங்க. நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். "அந்த மீசைக்காரப் பெரியவர் அழுதாரே, அதுவா நடிப்பு? முப்பது வருஷமா நாடகம் பாக்குறேன்மா. என்கிட்டயேவா?"

ஃபைலை இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒருத்தரையும் திட்டாமல் விடக்கூடாது என்று அக்கா உள்ளே பாய்ந்தாள். வாசலிலேயே மீசைக்காரர் காத்திருந்தார், கையில் கண்ணாடியுடன்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

கழுத்தை நெரித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு. பன்னிரண்டு வருஷம். இனி இங்கே டயர் அடுக்குவார்கள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நடிப்புன்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறாருண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. இந்தத் தடவை சத்தமும் வந்தது.