மாலை கழற்றும் நாள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மூணாறில் வழுக்கி விழுந்து, கால் சுளுக்கி, ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே ஒரு துணித்திரைதான். காது எனக்குச் சுளுக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாட்டுப்பட்டி அணையின் மேல் பனி மெல்ல—

(வேண்டாம். லாட்ஜ்காரர் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.)

2

நேராகவே சொல்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் சுருளிவேல், ஜீப் ஓட்டுபவர். வருஷம் முழுக்கக் குடிப்பவர். கார்த்திகை பிறந்ததும் முதன்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டு, குடியை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் கைகால் உதறல். இல்லாத எறும்புகளை வேட்டியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

"சாமி இறங்கியிருக்கு சிஸ்டர்," என்றார் மனைவி இந்து. "எஸ்டேட் லைன் வீட்டுல எல்லாரும் விழுந்து கும்பிட்டாக."

நர்ஸ் முருகேஸ்வரி சிரிக்கவில்லை. (நான் சிரித்தேன். மறைக்கத்தான் பார்த்தேன்.)

"சாமி இருக்கட்டும்க்கா. கூட டாக்டரும் இருக்கட்டும்."

3

எவ்வளவு குடித்தார் என்று தெரிந்தால்தான் டாக்டரால் மருந்தை அளந்து எழுத முடியும். தப்பினால் வலிப்பு வரலாம். ஆனால் மாலை போட்ட வாய் அதை எப்படிச் சொல்லும்? முருகேஸ்வரி கேட்கத் தொடங்கினார்.

"முன்னாடி எவ்வளவு எடுப்பீங்க சாமி?"*

"எப்பவாச்சும்... ஒரு கட்டிங்."

"கட்டிங்குக்குக் கை இப்படி ஆடாது சாமி."

"சரி, குவார்ட்டர்."

"காலையிலயா, சாயங்காலமா?"

"...ரெண்டு நேரமும்."

"மத்தியானம்?"

"சிஸ்டர், நீங்க எங்க லைன்லயா குடியிருக்கீக?"

வாளையாரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. பேரம் என்றால் கீழே இறங்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே ஏறியது. ஏற ஏற அந்த மனிதரின் குரல் லேசாகிக்கொண்டே வந்தது. முழு அளவையும் சொல்லிவிட்டு அழுதார்.

"மாலையக் கழட்டச் சொல்லிருவீகளோ?"

"எதுக்கு? ஊசி கையிலதான போடப்போறேன், கழுத்துலயா?"

* மாலை போட்டவரை ஊரே சாமி என்றுதான் அழைக்கும். குடியைப் பற்றிக் கேட்கும்போதும் அந்த மரியாதை ஒரு நூல் குறையாததை அன்றுதான் கேட்டேன்.

4

முருகேஸ்வரியை இவ்வளவு நல்லவராக எழுதினால் யார் நம்புவார்கள்? ஒரு குறை வைக்கலாமென்று—

வைக்கத் தேவையில்லை. என்மேல் எரிந்து விழுந்தார்: "ஒரு சுளுக்குக்கு எத்தனை தடவைதான் பெல் அடிப்பீங்க?"

வலிப்புக்கென்று நான் எழுதிவைத்திருந்த பத்தியை அடித்துவிட்டேன். வலிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாள் எறும்புகள் போய்விட்டன. மூன்றாம் நாள் சுருளிவேல் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் இந்து நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டார். கதைக்கு நஷ்டம்தான், எனக்கும் ஒரு கொட்டாவி வந்தது.

5

மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிய அன்றே பாட்டிலைத் திறப்பவர்கள் உண்டு. சுருளிவேலுக்கும் அது தெரியும். வீட்டுக்குக் கிளம்பும்போது அவரே கேட்டார்.

"கழட்டுற அன்னிக்கு முடியலைன்னா சிஸ்டர்?"

"இங்க வந்து கழட்டுங்க சாமி."

"குடிச்சிட்டேன்னா?"

"குடிச்சிருந்தாலும் வாங்க. சாமின்னு கூப்பிட மாட்டேன், அண்ணேன்னு கூப்பிடுவேன். அவ்வளவுதான்."

அந்த நாளை உங்களிடம் விடுகிறேன். குடிக்காமல் வந்தார் என்று முடியுங்கள். குடித்துவிட்டு வந்தார் என்றும் முடிக்கலாம். பேரம் பேச மாட்டேன்.

வரவில்லை என்று மட்டும் முடித்துவிடாதீர்கள்.