கன்வர்ட் ஆகுது

ஏலகிரிக்குப் போகலாம் என்று நான் வாயெடுத்தாலே என் வீட்டுக்காரர் எலியாஸ் கம்ப்யூட்டரைக் காட்டுவார்.

"கன்வர்ட் ஆகுது, புஷ்பம். நடுவுல நின்னுட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவர் எடுக்கும் கல்யாண வீடியோ கேசட்டுகளை சிடியாக்க ஒரு நாள் முழுக்க ஆகும். திரையில் ஒரு நீலக் கோடு நகர்ந்தும் நகராமலும் நிற்கும். இவர் அதற்குக் காவல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே சென்னைக்குப் போய் ஒரு வீடியோ கார்டு வாங்கிவந்தேன். கம்ப்யூட்டருக்குள் பொருத்தினால் கன்வர்ட் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளுமாம்.

சனிக்கிழமை காலை ஒரு கல்யாண கேசட்டைப் போட்டார். கேசட் ஓடி முடிந்தபோதே கன்வர்ட்டும் முடிந்திருந்தது. நம்பாமல் திரையைத் தட்டிப் பார்த்தார். நான் அதற்குள் புளிசாதம் கட்டிவிட்டேன்.

"செருப்பைப் போடுங்க."

ஏலகிரி ஏரியில் வெயில் சாயும்வரை மிதிபடகை விட்டு இறங்கவே இல்லை மனிதர். ஊரே கேட்கும்படி பாட்டு வேறு. எனக்குக் கால் கடுத்துப்போனது.

"கடைசி பஸ் போய்டும், கெளம்பலாங்க" என்றேன்.

"இன்னா அவசரம்?" என்று இன்னும் வேகமாக மிதித்தார். "வேலையப் பாக்கத்தான் வீட்ல கார்டு இருக்குதே!"